உயிருள்ள தோல்

என் கண்ணைப் பத்தி நானே பெருமை பேசிக்கக் கூடாது. ஆனா பேசாம இந்தக் கதையைச் சொல்ல முடியாது, ஏன்னா இதுல மண்ணைக் கவ்வினதே அந்தக் கண்ணுதான்.

கைப்பை செய்யற தொழிற்சாலையில தோல் தரம் பிரிக்கிறது என் வேலை. பதனிட்டு, சாயம் ஏத்தி வர்ற தோலை ஒவ்வொண்ணா மேஜையில விரிச்சு, எங்கே குறை இருக்குன்னு பார்த்து, சில்வர் பென்சிலால சுத்திக் கோடு போடணும். வெட்டுறவங்க அந்தக் கோட்டுக்குள்ள கத்தியை வைக்க மாட்டாங்க. உண்ணி கடிச்ச புள்ளி, முள்ளு கிழிச்ச கீறல், கம்பி வேலியில உரசினது, சோத்துக்கு இல்லாம காய்ஞ்ச மாடா இருந்தா அதோட நரம்புத் தடம், எதுவும் என்கிட்டேருந்து தப்பாது. தோலைக் கையில எடுத்தா அந்த மாடு எப்படி வாழ்ந்துச்சுன்னே சொல்லிடுவேன். இருபத்திமூணு வருஷமா இதே மேஜை. அங்கே எனக்குப் பேரு கழுகு. புதுசா வர்ற பொண்ணுங்ககூட 'கழுகு அக்கா'ன்னுதான் கூப்பிடும். முன்னாடியெல்லாம் சுள்ளுனு கோபம் வரும். இப்போ யாராவது சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, வேற யாரையோ கூப்பிடுறாங்கன்னு நான் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்ல.

அப்பேர்ப்பட்டவ கால்லயே வந்துச்சு. இடது கால்ல, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவுல, முன்பக்கம் எலும்பு தட்டுப்படுற இடத்துல ஒரு சிவப்புப் புள்ளி. சட்டைப் பொத்தான் அளவு. அரிப்பு இல்ல, வலி இல்ல, நானும் கண்டுக்கல. ஆறு மாசத்துல அது நீண்டு அகலமாகி உள்ளங்கை அளவுக்கு வந்துடுச்சு. ஓரம் மட்டும் செம்பழுப்பா கொஞ்சம் மேடா இருந்துச்சு. நடுவுல மஞ்சளா, மெழுகு தேய்ச்ச மாதிரி ஒரு பளபளப்பு. அந்த இடத்துல ஒரு முடி கிடையாது. ரெண்டு வருஷம் அது பாட்டுக்கு இருந்துச்சு, நான் பாட்டுக்கு காலுறையை மேல இழுத்து விட்டுக்கிட்டு வேலைக்குப் போனேன்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பேச்சு கம்மி. "டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டேன்"னு மாசத்துக்கு ஒருமுறை சொல்வார். "தோலைப் பத்தி எனக்கு இன்னொருத்தர் வந்து பாடம் எடுக்கணுமா?"ன்னு நான் எகிறுவேன். "சரி தாயே, ஆளை விடு"ன்னு டூல் பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடுவார்.

இங்கே என் அண்ணனைப் பத்திச் சொல்லியாகணும். என்னைவிட அஞ்சு வயசு மூத்தவன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துல ரெண்டு பேர் நின்னா மூணாவது ஆள் வெளியே நிக்கணும், அவ்வளவு சின்னக் கடை. சாவி செய்யறான், பூட்டு ரிப்பேர் பார்க்கிறான். அவனுக்குச் சர்க்கரை. நாலு வருஷத்துக்கு முன்னாடி கால் பெருவிரல்ல ஒரு கொப்புளம் வந்து, அதை யாருக்கும் சொல்லாம மறைச்சு, அப்புறம் ஒரு வருஷம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலைஞ்சு, கடைசியில வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துட்டாங்க. ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சுக் கிடந்தவன்கிட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வாயைக் கட்டத் தெரியாதவனுக்குக் கால் எதுக்கு?"ன்னேன். பயத்துல சொன்னேனோ, அழுகையில சொன்னேனோ, சொன்னது சொன்னதுதான். அவன் முகத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டான். அதுக்கப்புறமும் பார்த்துப்போம், சிரிச்சுப் பேசிப்போம், ஆனா அந்த வார்த்தை எங்க நடுவுல நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்துச்சு.

எனக்கெல்லாம் சர்க்கரை வராதுன்னு சத்தியமா நம்பினேன். டீயிலகூட சர்க்கரை போட்டுக்காதவ நான்!

ஒரு நாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தாங்க. நான் ஸ்டூல்ல உட்கார்ந்து காலுறையைக் கழட்டி, காலைத் தூக்கி மேஜை மேல வெச்சேன். விளக்கைக் கிட்ட இழுத்துக்கிட்டேன். அந்த மேஜையில முதல் தடவையா என் தோல். எனக்கே சிரிப்பா வந்துச்சு.

எங்க தொழில்ல சந்தேகமா ஒரு கறை கண்ணுல பட்டா மூணு சோதனை உண்டு. ஈர விரலால தேய்ச்சுப் பார்க்கிறது, சாயம் விடுதான்னு தெரியும். கட்டைவிரலால அழுத்திப் பார்க்கிறது, தோல் தடிப்பா மெலிசான்னு தெரியும். கடைசியா நகத்தால கீறிப் பார்க்கிறது. மேல்பூச்சுல இருக்கிற குறைன்னா உரிஞ்சு வரும், உள்ளேருந்து வந்த குறைன்னா அசையாது. மூணையும் வரிசையாப் பண்ணினேன். தேய்ச்சா மாறல. அழுத்தினா எலும்பு நேரா விரல்ல இடிச்சுது. அப்புறம் நகம். ஒரு கீறு கீறினேன், ஒண்ணும் தெரியல. இன்னும் கொஞ்சம் அழுத்தி இன்னொரு கீறு.

வலிச்சிருந்தா நிறுத்தியிருப்பேன். வலிக்கவே இல்ல! அந்த இடத்துல உணர்ச்சியே செத்துப் போயிருந்துச்சுன்னு அப்போ எனக்கு எங்கே தெரியும்? மூணாவது கீறல்ல விரல் ஈரமாச்சு. பார்த்தா ரத்தம். தோல் நனைஞ்ச காகிதமா கிழிஞ்சு ரெண்டு பக்கமும் விலகி நிக்குது. உயிரோட இருக்கிற கால்ல போய் செத்த மாட்டுக்குச் செய்யற சோதனையைச் செஞ்சிருக்கேன். உலகத்துல வேற எவளாவது இந்த வேலையைப் பண்ணுவாளா?

ஒரு பிளாஸ்திரி ஒட்டினேன். வாரம் ஒண்ணாச்சு, ஆறல. ரெண்டாச்சு, ஆறல. கீறல் பள்ளமாச்சு, பள்ளம் நாணயம் அளவுக்கு விரிஞ்சுது. நான் வாயைத் திறக்கல. அந்த நாள்லதான் சும்மா சும்மா தாகம் எடுத்துச்சு, தோல் தூசி தொண்டையில இறங்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். உடம்பு மெலிஞ்சுது, நல்லதாப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். ஆறு வாரம் இப்படியே ஓடுச்சு. ஏழாவது வாரம் ஒரு காலையில வீட்டுக்காரர் பக்கெட்டுல ஊறிட்டிருந்த என் காலுறையைக் குச்சியால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னார். அதுல மஞ்சளா ஒரு கறை.

"இன்னிக்கு நீ வேலைக்குப் போகல"ன்னார்.

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல அவர் என்கிட்ட உத்தரவாச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். நானும் மறுபேச்சு பேசாம செருப்பை மாட்டினேன்.

தோல் டாக்டர் ரொம்பச் சின்னப் பொண்ணு. எங்க தொழிற்சாலையில சேர்ந்திருந்தா நான் ஆறு மாசம் பென்சிலையே தொட விட்டிருக்க மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்லணும். அந்தப் பொண்ணு என் காலைத் தொடல, முதல்ல பார்த்துச்சு. குனிஞ்சு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தலையைச் சாய்ச்சு, ரொம்ப நேரம் பார்த்துச்சு. பார்க்கத் தெரிஞ்சவங்களை எனக்குப் பார்த்தாலே தெரியும். அப்பவே கொஞ்சம் மரியாதை வந்துடுச்சு.

"சர்க்கரை கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"எனக்குச் சர்க்கரை கிடையாது."

"சரிம்மா. எப்போ பார்த்தீங்க?"

"இல்லாததை எதுக்குப் பார்க்கணும்?"

டாக்டர் சிரிச்சுட்டு நர்ஸைப் பார்த்தாங்க. நர்ஸ் என் விரலைப் பிடிச்சாங்க. "நான் காலைக் காட்ட வந்தா நீங்க விரலைக் குத்துறீங்களே, இது எந்த ஊர் வைத்தியம்?"னு நான் சத்தம் போட்டுக்கிட்டு இருக்கும்போதே மெஷின்ல எண் வந்துடுச்சு. முந்நூத்திப் பதினெட்டு.

"மெஷின் ரிப்பேர்"னேன்.

வேற மெஷின், வேற விரல். முந்நூத்தி இருபத்தி ஒண்ணு. வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டார். நான் குத்தின விரலை வாயில வெச்சுக்கிட்டேன். அதே நேரம், பொய் சொல்லக் கூடாது, எனக்கு ஒரு பிரமிப்பு. உள்ளங்கை அகலத் தோலைப் பார்த்து, ரத்தத்துக்குள்ள என்ன ஓடுதுன்னு கண்டுபிடிச்சிருக்கு இந்தப் பொண்ணு. மாட்டோட ஜாதகத்தையே படிக்கிறவன்னு பேரு வாங்கின நான், ரெண்டு வருஷம் தினமும் குளிக்கும்போது இதே தோலைப் பார்த்திருக்கேன்.

"இதுக்குப் பேரு நெக்ரோபயோசிஸ் லிபாய்டிகா"ன்னாங்க டாக்டர்.

"பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஆறிடும் போலிருக்கே."

"ஆறாது. அதான் பிரச்சனை." சிரிக்காம சொன்னாங்க. "ரொம்ப அபூர்வமா வர்றது. சர்க்கரை இருக்கிறவங்க ஆயிரம் பேர்ல மூணு, நாலு பேருக்கு வந்தா அதிகம். ஆனா இது வந்தவங்களைப் பார்த்தா, நிறைய பேருக்குச் சர்க்கரை இருக்கும், இல்லன்னா பின்னாடி வரும். சில பேருக்குத் தோல்ல முதல்ல வந்து, சர்க்கரை அப்புறமாத் தெரியும். உங்களை மாதிரி."

"ஏன் வருது?"

"தெரியாது."

"உங்களுக்குத் தெரியாதா?"

"யாருக்குமே சரியாத் தெரியாது. சின்ன ரத்தக் குழாய்ங்க கெட்டுப் போறதால இருக்கலாம்னு சொல்றாங்க. உறுதியா இல்ல. ஒட்டாது, பரவாது, நீங்க செஞ்ச தப்பும் இல்ல."

என் மேஜையில காரணம் இல்லாத குறையே கிடையாது. உண்ணின்னா உண்ணி, முள்ளுன்னா முள்ளு. இங்கே என் கால்லயே ஒண்ணு உட்கார்ந்திருக்கு, படிச்சவங்க எல்லாரும் அதைப் பார்த்துத் தெரியாதுங்கிறாங்க.

அப்புறம் டாக்டர் ஒரு சின்ன லென்ஸை அந்த மஞ்சள் தடத்து மேல, புண்ணு இல்லாத இடமாப் பார்த்து வெச்சாங்க. எதிர்ல இருந்த திரையில படம் வந்துச்சு. மஞ்சள் வெளி. அது மேல சிவப்பா ஒரு கொடி ஓடுது. அதுலேருந்து கிளை, கிளையிலேருந்து கிளை, கடைசியில நூலைவிட மெலிசாப் போய் எங்கேயோ மறையுது.

"இது என்ன?"

"உங்க ரத்தக் குழாய்தான். தோல் அவ்வளவு மெலிசாயிடுச்சு. அதான் வெளியிலேருந்தே தெரியுது."

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. நான் நரம்புத் தடம்னு கோடு போட்டு ஒதுக்கினது எல்லாம் காய்ஞ்சுபோன வாய்க்கால். இதுல இப்போ, இந்த நிமிஷம், ரத்தம் ஓடிட்டிருக்கு. நான் கத்தினாலும் ஓடுது, சிரிச்சாலும் ஓடுது. "இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருங்க"ன்னேன். வெளியே இன்னும் எத்தனை பேர் காத்திருந்தாங்களோ, அவங்களும் வெச்சிருந்தாங்க.

திரை அணைஞ்சதும்தான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "கால் போயிடுமா?"

"இப்போதைக்கு எலும்பு வரைக்கும் போகல. கிருமியும் அதிகமா இல்ல. ஆனா இந்தப் புண்ணு மூடியாகணும். சர்க்கரை குறைஞ்சா தடம் மறையும்னு நான் சொல்ல மாட்டேன், அது அனேகமா மறையாது. ஆனா சர்க்கரை குறையலன்னா புண்ணு ஆறுறது ரொம்பக் கஷ்டம். மூணு மாசம் பார்ப்போம். அதுக்குள்ள மூடலன்னா சர்ஜன்கிட்ட அனுப்பணும். மொத்தத் தடத்தையும் வெட்டி எடுத்துட்டு, தொடையிலேருந்து தோல் எடுத்து ஒட்டுவாங்க."

"ஒட்டினா ஒட்டிக்குமா?"

"ஒட்டிக்கலாம்." அந்தப் பொண்ணுக்குப் பொய் சொல்ல வரல. "ஒட்டிக்காமலும் போகலாம்."

அன்னிக்குச் சாயங்காலமே அண்ணன் கடைக்குப் போனேன். சொல்லாம இருக்கலாம்னு நெனச்சேன், கால் தானா அங்கே போச்சு. அவன் ஒரு சாவியை அரத்தால தேய்ச்சுக்கிட்டிருந்தான்.

"எனக்கும் வந்துடுச்சு"ன்னேன்.

"என்ன வந்துடுச்சு?"

"சர்க்கரை. கால்ல புண்ணும் இருக்கு. ஆறு வாரமா."

அரத்தைக் கீழே வெச்சான். அவன் முகத்துல ரத்தம் இல்ல. "ஆறு வாரமா? ஆறு வாரமா மறைச்சியாடி? என்னைப் பார்த்தும் உனக்குப் புத்தி வரலையா?"ன்னு கத்தினான். பஸ்ஸுக்கு நின்னவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. எனக்கு வெட்கமாவே இல்ல. அவன் என் மேல அப்படி உரிமையா கத்தி மூணு வருஷம் ஆச்சு.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் சொன்னது..."ன்னு ஆரம்பிச்சேன். "என் நாக்கைப் பிடுங்கிப் போடணும்ணா. மன்னிச்சுடு."

"அதெல்லாம் அப்புறம். காலுறையைக் கழட்டு."

கழட்டினேன். குனிஞ்சு பார்த்தான். "இது என் புண்ணு மாதிரி இல்லையே?"

"இது வேறயாம். ஆயிரத்துல மூணு பேருக்கு வர்றதாம்."

"பார்றா! வியாதியிலகூட மேடத்துக்கு ஸ்பெஷல்தான் வேணும்"னான். ரெண்டு பேரும் சிரிச்சோம். சிரிச்சுக்கிட்டே அவன் கண்ணைத் துடைச்சுக்கிட்டான். மூணு மாசத்துல மூடலன்னா தோல் எடுத்து ஒட்டுவாங்கன்னு டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "ஒட்டுப் போடறாங்கன்னா சும்மா தலையாட்டாத. எனக்கும் முதல்ல ஒட்டுதான் போட்டாங்க"ன்னான். அது ஒட்டிக்கல, விரல் போச்சு, பாதம் போச்சு, மிச்சமும் போச்சு. அதை அவன் சொல்லல. சொல்லணும்னு அவசியமும் இல்ல.

அடுத்த மூணு மாசம் நான் பட்ட பாடு கொஞ்சமில்ல. மாத்திரை, ஊசி, சாப்பாட்டுல கணக்கு, காலுக்கு இறுக்கமா கட்டு. நின்னே வேலை பார்த்தவளை உட்கார வெச்சுட்டாங்க. மேஜையைத் தாழ்த்திப் போட்டு, எதிர்ல ஒரு ஸ்டூல் வெச்சு, காலை அது மேல நீட்டிக்கிட்டு தரம் பிரிச்சேன். "கழுகு முட்டை மேல உட்கார்ந்திருக்கு"ன்னு வெட்டுற பசங்க கிண்டல் பண்ணினாங்க. அண்ணன் தினமும் காலையில போன் பண்ணுவான். வணக்கம் கிடையாது, நலமா கிடையாது. "எவ்வளவு?"ன்னு கேட்பான். நான் எண்ணைச் சொல்லுவேன். இருநூத்தி நாப்பது. நூத்தித் தொண்ணூறு. நூத்தி நாப்பத்திரெண்டு. "ம்"னு வெச்சிடுவான்.

சர்க்கரை இறங்குச்சு, புண்ணு அசையல. வாரா வாரம் டாக்டர் அது மேல ஒரு கண்ணாடித் தாளை வெச்சு, பேனாவால சுத்திக் கோடு போடுவாங்க. முதல் தடவை பார்த்தப்போ, "அட, இது என் வேலையாச்சே!"ன்னு கத்திட்டேன். பதினோரு வாரம், பதினோரு தாள். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வெளிச்சத்துல பிடிச்சாங்க. கோடு எல்லாம் ஒரே இடத்துல இருந்துச்சு. சர்ஜனுக்குச் சீட்டு எழுதினாங்க. அடுத்த புதன்கிழமை ஆபரேஷன்.

திங்கட்கிழமை காலையில கடைசியா ஒருமுறை காட்டப் போனேன். "மருத்துவம் படிக்கிற பிள்ளைங்க வந்திருக்காங்க. இது அவங்க பார்க்கக் கிடைக்காத விஷயம். நீங்க சரின்னா காட்டலாமா?"ன்னு டாக்டர் கேட்டாங்க. சரின்னேன். ஆனா படுக்கையில காலை நீட்டிக்கிட்டு, ஆறு தலை அது மேல குனிஞ்சப்போ எனக்கு என்னமோ பண்ணுச்சு. இத்தனை வருஷம் நான் குனிஞ்சு பார்த்தேன், இப்போ என்னை விரிச்சுப் போட்டு இவங்க பார்க்கிறாங்க. ஒருத்தன் குறிப்பு எழுதறான், ஒருத்தி அளக்கிறா. மேலேருந்து பெரிய விளக்கு பளீர்னு அடிக்குது. எனக்கு மூக்கு மேல கோபம் வந்துடுச்சு.

"நீங்கல்லாம் தோலைப் பார்க்கறீங்களா, விளக்கைப் பார்க்கறீங்களா?"

ஆறு பேரும் நிமிர்ந்தாங்க.

"நேரா மேலேருந்து வெளிச்சம் அடிச்சா தோல்ல மேடு பள்ளம் ஒண்ணும் தெரியாது. எல்லாம் ஒரே தட்டையாத் தெரியும். அந்த விளக்கை அணைங்க. டார்ச் இருக்கா? இந்தா, நீ. கணுக்கால் பக்கம் போ. காலை ஒட்டிப் பிடி. இன்னும் கீழே. தோல் மேல வெளிச்சம் படுத்து வரணும்."

டாக்டர் தலையாட்டினாங்க. அளந்துக்கிட்டிருந்த பொண்ணு விளக்கை அணைச்சுட்டு டார்ச்சைத் தாழ்த்திப் பிடிச்சா. நானும் அவங்களுக்குக் காட்டறதுக்காக எழுந்து உட்கார்ந்து குனிஞ்சேன். "இதோ, தடத்தோட ஓரம் மேடு, தெரியுதா? இதோ இங்கே பள்ளம் ஆரம்பிக்குது"ன்னு தொடாம மேலாப்புல விரலை ஓட்டிக் காட்டிக்கிட்டே வந்தேன். புண்ணோட விளிம்புக்கு வந்ததும் விரல் நின்னுடுச்சு.

பழைய தோல் முடியற இடம் தெரிஞ்சுது. அதுக்கு உள்பக்கம், பள்ளம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, இன்னொரு விளிம்பு இருந்துச்சு. நூல் அகலம்தான் இருக்கும். முத்து நிறம், ஈரமா, கீழே இருக்கிற சிவப்பு அப்படியே தெரியற அளவுக்கு மெலிசு. மேல் விளக்குல அது புண்ணோட புண்ணாத்தான் தெரிஞ்சிருக்கும். படுத்த வெளிச்சத்துல மட்டும் அதுக்கு ஒரு மயிரிழை நிழல் விழுந்துச்சு. நான் தலையைச் சாய்ச்சு அந்த நிழலைச் சுத்திக்கிட்டே போனேன். புண்ணை முழுசா ஒரு சுத்துச் சுத்தி, கிளம்பின இடத்துக்கே வந்துச்சு.

"டாக்டர்"னேன். குரல் எனக்கே கேட்கல. "இங்கே ஓரம் உள்ளே நகர்ந்திருக்கு."

அவங்க முட்டி போட்டுக் குனிஞ்சாங்க. ரொம்ப நேரம் எழுந்திரிக்கல. அப்புறம் பழைய தாளை எடுத்து மேல வெச்சுப் பார்த்தாங்க, மறுபடியும் டார்ச்சைப் பார்த்தாங்க. "நான் இவ்வளவு நாளா பழைய தோலோட ஓரத்தைத்தான் வரைஞ்சுட்டு இருந்திருக்கேன்"னு அந்தப் பிள்ளைங்க முன்னாடியே சொன்னாங்க. ஆறு பேர் முன்னாடி தன் தப்பைச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? நான் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன். "இது புதுத் தோல். மூடிட்டு வருது"ன்னாங்க.

நான் ஓன்னு அழுதுட்டேன். அந்தப் பிள்ளைங்க பயந்துபோய் தண்ணி கொடுத்தாங்க. பயத்துலயோ சந்தோஷத்துலயோ அழல. எத்தனையோ ஆயிரம் தோலை விரிச்சுப் பார்த்திருக்கேன். ஓட்டைன்னா ஓட்டைதான், அது இருக்கிற இடத்துலயே இருக்கும், அதைச் சுத்திக் கோடு போட்டுட்டு அடுத்த தோலை எடுப்பேன். இது நகருது. யாரும் சொல்லாம, யாரும் பார்க்காம, சுத்தி இருக்கிற அத்தனை பக்கத்திலேருந்தும் ஒரே நேரத்துல நடுவை நோக்கிக் கிளம்பியிருக்கு. எவ்வளவு திட்டியிருப்பேன் இந்தக் காலை!

புதன்கிழமை ஆபரேஷனைத் தள்ளி வெச்சாங்க. அதுக்கப்புறம் டாக்டர் மேல் விளக்கைத் தொடவே இல்ல. தாள்ல கோடு சின்னதாச்சு. நாணயம் பொத்தானாச்சு, பொத்தான் மிளகாச்சு. ஏழாவது வாரம் தாளை வெச்சாங்க, பேனாவை எடுத்தாங்க, அப்படியே மூடி போட்டு வெச்சுட்டாங்க. வரையறதுக்கு ஒண்ணும் இல்ல.

தடம் போகல, அது போகாதுன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. மஞ்சள் அப்படியேதான் இருக்கு, நடுவுல வெளிர் ரோஜா நிறத்துல ஒரு வட்டம். இடிச்சுக்கக் கூடாது, சொறியக் கூடாது, தினமும் பார்க்கணும், சர்க்கரை ஏறினா மறுபடி திறக்கலாம். எல்லாத்துக்கும் தலையாட்டினேன். நகத்தை மட்டும் எல்லார் கண்ணுலயும் படாம மடக்கி வெச்சுக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில அண்ணன் வந்தான். ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து காலை நீட்டினேன். அவன் நின்னுக்கிட்டே எட்டிப் பார்த்தான். தெரியலன்னான். பொய்க்கால் போட்டதுலேருந்து அவன் தரையில உட்கார்ந்து நான் பார்த்ததில்ல. முட்டி மடிச்சா அந்தக் கால் இடிக்கும், எழுந்திரிக்கிறது பெரும்பாடு. "விடுண்ணா, நான் ஸ்டூல் மேல ஏறி நிக்கிறேன்"னேன்.

"சும்மா இரு. மாப்பிள்ளை, கையைக் கொடுங்க."

என் வீட்டுக்காரர் தோளைப் பிடிச்சுக்கிட்டு, பொய்க்காலை ஒரு பக்கமா நீட்டி, மெதுவா தரையில இறங்கினான். மூச்சு வாங்குச்சு. என் கால்கிட்ட முகத்தைக் கொண்டு வந்தான். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழுந்துச்சு. தொடல. கையை மட்டும் அதுக்கு மேல ஒரு விரக்கடை தள்ளிப் பிடிச்சுக்கிட்டு, அந்த ரோஜா வட்டத்தைப் பார்த்துக்கிட்டே இருந்தான்.

"இப்படித்தான் மூடுமா?"ன்னு கேட்டான்.

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. ஒரு வருஷம் காலையில காலையில கட்டைப் பிரிச்சுப் பார்த்தவன், ஒரு தடவைகூட இதைப் பார்த்ததே இல்ல.

"ஆமாண்ணா. இப்படித்தான்."

"இதைப் பார்க்கத்தான்டி நான் அவ்வளவு நாள் காத்துக்கிட்டிருந்தேன்"னான். குரல்ல பொறாமை இல்ல, வருத்தம்கூட இல்ல. வாயைத் திறந்துக்கிட்டு வேடிக்கை பார்க்கிற ஆள் மாதிரிதான் சொன்னான். "எவ்வளவு அழகா இருக்கு!"

நான் அவன் தலையில கை வெச்சேன். அவனுக்கு எழுந்திரிக்க மனசே இல்ல. ரொம்ப நேரம் கழிச்சு நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி அவனை நாற்காலியில உட்கார வெச்சோம்.